மதுரையில் நிற்கிற மாதிரி ஒரு உத்தரவு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்ட இணை இயக்குநர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இன்று இருக்கிறவர் நாளை மாறுதலில் போய்விடுவார். அதனால் யார் பெயரையும் போடவில்லை. மடல் நாற்காலிக்கு.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறப்பதற்கு முன்னால், கேஸ் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போன தலைமுறை. எங்கள் ஐயா ரிட் வழக்குகள், அதாவது அரசு உத்தரவுகளை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழக்குகள் பார்க்கிறவர். தனியார் மருத்துவமனைக்காகவும் ஆஜராகியிருக்கிறார், அதே மாதிரி மருத்துவமனையில் ஆளைப் பறிகொடுத்த குடும்பத்துக்காகவும் ஆஜராகியிருக்கிறார். இரண்டு பக்கத்துக் கட்டையும் நூல் கோத்துத் தைத்தவன் என்கிற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைகள் மேல் கை வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மூட வேண்டியதை மூடத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம், மூட வேண்டிய மருத்துவமனையே நீங்கள் எழுதின உத்தரவைக் காட்டி மதுரைக் கிளையில் தடை வாங்கி ஒரு வாரத்தில் திறந்துவிடுகிறதே என்பதுதான்.

உங்கள் உத்தரவு எந்த வடிவத்தில் வரும் என்று எனக்கு மனப்பாடம். உச்சியில் ‘செயல்முறைகள்’. அதன் கீழ் ‘முன்னிலை’, உங்கள் பெயர், பட்டங்கள். ந.க.எண், நாள். பொருள். அப்புறம் பார்வை ஒன்று, இரண்டு, மூன்று; எந்தெந்தத் தாளை வைத்து உத்தரவு போட்டீர்கள் என்கிற பட்டியல். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் படிப்பது உங்கள் உத்தரவை இல்லை, அந்தப் பார்வைப் பட்டியலைத்தான். அதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு தென்மாவட்டம். எது என்பது வேண்டாம், மருத்துவமனை எது என்பதும் வேண்டாம். பிரசவத்துக்குப் போன பெண் இறந்துபோனாள். தலைப்பிரசவம். அந்தக் குடும்பத்துக்காக எங்கள் ஐயா ஆஜரானார். மருத்துவமனையின் பதிவுச் சான்றை நிறுத்திவைத்து வந்த உத்தரவில் பார்வை ஒன்று, நாளிதழ்ச் செய்தி. பார்வை இரண்டு, தொலைபேசி அறிவுரை; யாருடைய அறிவுரை என்று இல்லை. பார்வை மூன்று, ஆய்வு அறிக்கை. அந்த ஆய்வு நடந்த தேதியும் உத்தரவு போட்ட தேதியும் ஒன்றே. கீழே இருந்தது ஒரே வாக்கியம். “மேற்படி மருத்துவமனையில் பல்வேறு குறைபாடுகள் கண்டறியப்பட்டதால் பொதுமக்கள் நலன் கருதி பதிவுச் சான்று உடனடியாக நிறுத்திவைக்கப்படுகிறது.” அவ்வளவுதான்.

பல்வேறு குறைபாடுகள் என்றால் என்ன? ஆய்வு அறிக்கையில் எல்லாம் இருந்தது. இரவு நேரத்தில் பிரசவ வார்டில் டூட்டி டாக்டர் இல்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அவசர மருந்துத் தட்டில் தேதி முடிந்த ஊசி மருந்து இருந்ததை பேட்ச் எண்ணோடு குறித்திருந்தார்கள். ரத்தம் வேண்டும் என்று எழுதின நேரத்துக்கும் ரத்தம் வந்த நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் இருந்தது. ஆய்வுக்குப் போன டாக்டர்கள் உண்மையாக உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு வரி உத்தரவில் ஏறவில்லை. அறிக்கையின் நகலும் உத்தரவோடு இணைக்கப்படவில்லை.

மருத்துவமனைத் தரப்பு சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் கட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடைப் பக்கம் போக வேண்டும். இப்போது இ-ஃபைலிங். ராத்திரி உட்கார்ந்து மனுவை ஏற்றிவிடலாம். காலையில் நீதிபதி முன்னால் எழுந்து, “உள்நோயாளிகள் இருக்கிறார்கள், லஞ்ச் மோஷனாக எடுக்க வேண்டும்” என்று கேட்டால் மதியத்துக்கு மேல் விசாரணைக்கு வந்துவிடும். நீதிபதி கேட்ட முதல் கேள்வி, “நோட்டீஸ் கொடுத்தீர்களா?” இரண்டாவது கேள்வி, “என்ன குறைபாடு என்று உத்தரவில் எங்கே இருக்கிறது?” அரசு வக்கீல் பாவம், அவர் கையில் ஃபைலே இல்லை. “இன்ஸ்ட்ரக்‌ஷன் வாங்கக் கால அவகாசம் வேண்டும்” என்றார். அவகாசம் கிடைத்தது. மருத்துவமனைக்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் மாமனார் ஆபீஸுக்கு வந்தார். “என்ன அண்ணாச்சி, கோர்ட்டு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாமே? அப்ப என் மருமவ சும்மாவா செத்தா?” என்று கேட்டார். தடை வேறு, தீர்ப்பு வேறு என்று அவருக்கு விளங்க வைக்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் மருத்துவமனைக்காரர்கள் ஃபிளக்ஸ் வைத்து வெடி போட்டதை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

நீங்கள் ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பிணவறை வாசலில் உறவுக்காரர்கள் உடலை வாங்கமாட்டோம் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஊரே திரண்டு வந்திருக்கும். சாதிச் சங்கம் வரும், கட்சிக்காரர் வருவார், மைக் பிடித்த பையன்கள் வருவார்கள். வருவாய்க் கோட்டாட்சியர் ஒரு பக்கம் பேசுவார், டி.எஸ்.பி. ஒரு பக்கம் பேசுவார். கோரிக்கை ஒன்றுதான்: ஆஸ்பத்திரியை மூடு, பேப்பரைக் காட்டு. பொழுது சாயப்போகிறது, மறியல் பெரிதாகப்போகிறது என்கிற நிலையில் உங்களுக்கு போன் வரும். உடனே ஒரு பக்கத்தில் செயல்முறைகள் டைப் ஆகும். அதைக் காட்டி உடலை அனுப்பிவைப்பார்கள்.

அந்தத் தாள் பிணவறை வாசலுக்காக எழுதப்பட்டது. அங்கே அது வேலை செய்துவிட்டது. மதுரையில் செய்யாது. கூட்டத்துக்குத் தேவைப்படுவது ஒரு தாள்தான் என்றால், மதுரையிலும் நிற்கிற தாளாகவே கொடுக்கலாமே? அதற்கு வழி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒவ்வொரு கட்டிலும் திரும்பத் திரும்பத் தைத்த தீர்ப்புகள் சில உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

மொஹிந்தர் சிங் கில் வழக்கு, 1977 டிசம்பர் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம். வழக்கு பஞ்சாபில் ஒரு தேர்தல் மறுவாக்குப்பதிவு பற்றியது, ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதில் சொன்ன ஒரு விதிதான் உங்கள் உத்தரவுகளைப் பாதிக்கு மேல் கவிழ்க்கிறது. ஒரு அதிகாரி உத்தரவு போட்டால், அந்த உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அது நிற்க வேண்டும். பிற்பாடு நீதிமன்றத்தில் பதில் மனுவில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை வேடிக்கையாகவே எழுதினார்: பழைய ஒயின் நாளாக நாளாக ருசி கூடும், உத்தரவு அப்படி இல்லை. நம்முடைய பிரசவ வழக்கில் இதேதான் நடந்தது. மாதக்கணக்கில் கழித்து வந்த பதில் மனுவில் டூட்டி டாக்டர் இல்லாதது, தேதி முடிந்த ஊசி எல்லாம் விலாவாரியாக இருந்தது. அன்றைக்கே உத்தரவில் நாலு வரி எழுதியிருந்தால் போதுமே ஐயா.

அடுத்தது நோட்டீஸ். மேனகா காந்தி வழக்கு, 1978 ஜனவரி தீர்ப்பு. பாஸ்போர்ட்டை முடக்கினார்கள், காரணம் சொல்லவில்லை, விளக்கம் கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், ஒருவரின் உரிமையைப் பறிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு கேள்விக்கு இடமில்லாத விஷயமாகிவிட்டது. மருத்துவமனை நடத்துவது தொழில் உரிமை, அரசியல் சாசனம் 19-ஆம் பிரிவில் வருகிறது. ஆகவே நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸும் சும்மா “விளக்கம் தரவும்” என்று இருந்தால் போதாது. என்ன நடவடிக்கை எடுக்கப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும் என்று 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒப்பந்ததாரரைக் கருப்புப் பட்டியலில் சேர்த்த வழக்கு. மதுரையில் அதையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

அப்படியானால் அவசரத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ஐ எடுத்துப் பாருங்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டமும் 1994-தான், அதையும் பாருங்கள். இரண்டிலுமே, பொதுநலனுக்கு அவசியம் என்று கருதினால் நோட்டீஸ் இல்லாமலேயே பதிவை நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறது. ஒரே நிபந்தனை: காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் இன்னும் தெளிவு. ரத்து செய்வதற்கு முன் விளக்கம் கேட்க மூன்று மாத நோட்டீஸ். ஆனால் நோயாளிகளின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் உடனடி ஆபத்து இருந்தால், காரணத்தை எழுதி ரத்து செய்தபின் மேல்முறையீட்டுக்குக் காத்திராமல் உடனே இயங்கவிடாமல் நிறுத்தலாம். தமிழ்நாடு அந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நமக்கு 1997-இலேயே சொந்தச் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்தது 1997, அதற்கு விதிகள் வர 2018 ஆயிற்று என்பது தனிக்கதை. இருந்தாலும் அளவுகோல் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ‘உடனடி ஆபத்து’ என்ன என்று பெயர் சொல்லி எழுது.

‘பொதுமக்கள் நலன் கருதி’ என்பது காரணம் ஆகாது. “இரவுப் பணியில் மருத்துவர் இல்லாத நிலையில் பிரசவ வார்டில் இப்போதும் கர்ப்பிணிகள் அனுமதிக்கப்பட்டுள்ளனர், இன்றிரவும் இதே நிலை தொடரும்” என்று எழுதினால் அது காரணம். படிக்கிற நீதிபதிக்கே பதற வேண்டும். கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்துச் சுமார் 90 பேர் இறந்தார்கள். கார் நிறுத்த வேண்டிய கீழ்த்தளத்தில் எரியக்கூடிய சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு கீழ்த்தளத்தை நீங்கள் ஆய்வில் பார்த்தால், போட்டோவோடு நாலு வரி எழுதிவிட்டு அன்றைக்கே மூடுங்கள். நோட்டீஸ் எங்கே என்று கேட்கிறவர் வாய் தானாக அடைந்துவிடும். மூடிவிட்டு, இத்தனை நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று ஒரு தேதியும் அதே தாளில் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி உங்கள் உத்தரவுக்குப் பாதி ஆயுள் கூட்டும்.

வெளியூர் அனுபவமும் இதையேதான் காட்டுகிறது. உத்தரப் பிரதேசம் அமேதியில் 2023 செப்டம்பரில் பித்தப்பைக் கல் அறுவைக்குப் போன இளம்பெண் மயக்க மருந்து கொடுத்தபின் நினைவு திரும்பாமல் இறந்தார். அங்கே அறக்கட்டளை நடத்துகிற பெரிய சஞ்சய் காந்தி மருத்துவமனையின் உரிமத்தையே அடியோடு நிறுத்திவைத்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அதை நம்பி இருந்தது. ஊழியர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் முதல் வாரமே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. டெல்லி ஷாலிமார் பாக்கில் 2017-இல், உயிரோடிருந்த பச்சிளங்குழந்தையை இறந்ததாகச் சொல்லிப் பெற்றோர் கையில் கொடுத்த வழக்கு ஞாபகம் இருக்கும். நாடே கொதித்தது. டிசம்பர் 8-ஆம் தேதி உரிமம் ரத்து, டிசம்பர் 20-ஆம் தேதி மேல்முறையீட்டு அதிகாரி அந்த ரத்துக்குத் தடை. 12 நாள்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஈரோட்டில் 2022-இல், 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்ற விவகாரத்தில் மருத்துவமனைகளை மூட அரசு உத்தரவிட்டது. தனி நீதிபதி ஒரு மருத்துவமனையைத் திறக்கச் சொன்னார். அரசு மேல்முறையீடு போனது, இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உள்நோயாளிகளை அனுப்பி முடிக்க 15 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்தக் குற்றத்தின் கொடூரத்துக்கு நடுவிலும், படுக்கையில் கிடக்கிறவன் யார் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

படுக்கையில் கிடக்கிறவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் தெருவில் ஒருவர், பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் போய் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். தடவைக்கு நாலு மணி நேரம். கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கென்று ரத்தக் குழாய்களை இணைத்த இடம், போட்டிருப்பார். தொட்டால் விறுவிறுவென்று அதிரும். வேறு ஏதோ ஒரு பிரிவில் நடந்த தவறுக்காக அவர் போகிற ஆஸ்பத்திரியைச் சீல் வைத்தார்கள். அவர் காலையில் ஆட்டோவில் போய் இறங்கினால் வாசலில் சங்கிலி, ஒரு போலீஸ்காரர், ஒட்டின நோட்டீஸ். சரி, வேறு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று போனார். புது ஆளை மிஷினில் ஏற்ற வேண்டும் என்றால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், தொற்று உள்ளவர்களுக்கு மிஷின் தனி. இவருடைய முடிவுகள் எங்கே? சீல் வைத்த கட்டடத்துக்குள். எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று பார்க்கிற டிரை வெயிட் கணக்கு எங்கே? அதே கட்டடத்துக்குள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது, ஆனால் அனுமதி வாங்கியிருந்தது பழைய ஆஸ்பத்திரி பெயரில். புதிதாக அனுமதி வர வேண்டும். அன்றைக்கு மிஷினில் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவில் போய்ச் சேர்ந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அவர் மனைவி இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரி டாக்டரைத் திட்டுவதில்லை, மூடினவர்களைத்தான் திட்டுகிறார்.

மருத்துவமனைத் தரப்பு வக்கீலுக்கு இவரைப் போல ஒருவர் கிடைத்தால் போதும். அவர் பெயரில் ஒரு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வாங்கி மனுவோடு இணைத்துவிடுவார்கள். நோயாளிகளின் கஷ்டத்தைக் காட்டித் தடை வாங்குவது அவர்களுக்குச் சுலபம், ஏனென்றால் அந்தக் கஷ்டம் உண்மை. அதைத் தடுக்க ஒரே வழி, உத்தரவிலேயே நோயாளிகளுக்கு ஏற்பாடு சொல்லிவிடுவது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள், அவர்களை எங்கே மாற்றுகிறோம், டயாலிசிஸ், கீமோ மாதிரி தொடர் சிகிச்சைக்காரர்களின் ஃபைல் நகல் எந்தத் தேதிக்குள் அவர்கள் கையில் வரும், காப்பீட்டு அனுமதியை மாற்றித்தர யாரைப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு பக்கம் போதும். 108 வண்டிக்காரரிடமும் முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

அதுவும் தவிர, முழு ஆஸ்பத்திரியையும் மூட வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். ஒரு டாக்டர் கவனக்குறைவாக இருந்தால் அதை விசாரிக்க மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 1995-இலிருந்து மருத்துவ சேவையும் அதற்குள் வந்துவிட்டது. குற்ற வழக்கு என்றால் போலீஸ், அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு 2005-இல் வகுத்த வரம்புகள் உண்டு. உங்கள் கையில் இருக்கிற பதிவுச் சான்று என்பது கட்டடம், கருவி, ஆள்பலம், நிர்வாகம் பற்றியது. ஒரு ஆளின் தவறுக்கு மொத்த ஆஸ்பத்திரியையும் மூடினால், “விகிதம் தவறிய நடவடிக்கை” என்ற ஒரே வாதத்தில் அடித்துவிடுவார்கள். நாமக்கல் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களை வாங்கின விவகாரத்தில் 2025-இல் அரசு என்ன செய்தது? இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தில்தான் முதலில் கை வைத்தது. அங்கே மற்ற நோயாளிகள் மற்ற சிகிச்சைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பிரசவ வார்டில் தவறென்றால் பிரசவ வார்டை நிறுத்துங்கள். புது நோயாளியைச் சேர்க்கக்கூடாது, இருக்கிறவர்களுக்குச் சிகிச்சை தொடரலாம் என்று போடுங்கள். பிணவறை வாசலில் காட்டுவதற்கும் அது நல்ல தாள்தான். “இன்று முதல் இங்கே ஒரு பிரசவம் கிடையாது, ஏழு நாளில் பதில் சொல்லாவிட்டால் பதிவு நிறுத்தப்படும்” என்று தாசில்தார் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். ஜனங்களுக்குப் புரியும்.

சீல் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பதிவை நிறுத்துவது வேறு, கட்டடத்துக்குப் பூட்டுப் போடுவது வேறு. ஸ்கேன் மிஷினைச் சீல் வைக்கக் கருப் பாலினச் சட்டத்தில் தெளிவான அதிகாரம் இருக்கிறது. அதே துணிச்சலில் ஆபீஸ் அறை, மருந்துக் கடை, கேன்டீன் வரை அரக்கு வைத்துவிட்டு வந்தால், “எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?” என்ற கேள்விக்கு மதுரையில் யாரும் பதில் சொல்ல முடியாமல் நிற்பதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பூட்டுவதற்கு முன் எடுக்க வேண்டியதை எடுப்பதுதான் முக்கியம். கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்களின் டூட்டி சார்ட், மருந்துப் பதிவேடு, சி.சி.டி.வி. பதிவு. எல்லாவற்றிலும் பக்க எண் போட்டு, மருத்துவமனைக்காரர் கையெழுத்தும் வாங்கி, ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிட்டு மூலத்தை எடுத்து வாருங்கள். நோயாளித் தரப்பு கேட்டால் 72 மணி நேரத்தில் கேஸ் ஷீட் நகல் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அந்த மாமனார் மூன்று தடவை எழுதிக் கேட்டும் கிடைக்கவில்லை. தடை வந்து ஆஸ்பத்திரி திறந்தபின் கிடைத்த கேஸ் ஷீட்டில் எழுத்து எல்லாம் ஒரே பேனா, ஒரே கை, ஒரே நேர்த்தி. ஒரு ராத்திரி முழுக்க ஓடியாடின நர்ஸ் இப்படி எழுதுவாளா என்று எங்கள் ஐயா கேட்டார். கேட்டு என்ன செய்ய, மூலத்தை யாரும் அன்றைக்கே எடுத்து வைக்கவில்லை.

கடைசியாக மதுரை அரசு வக்கீல் ஆபீஸ். உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதே மணி நேரத்தில், ஆய்வு அறிக்கை, போட்டோக்கள், நோட்டீஸ் கொடுத்த அத்தாட்சி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அங்கே அனுப்பிவிடுங்கள். வழக்கு வந்தபின் கேட்டு வாங்கட்டும் என்று இருக்காதீர்கள். மனு நகல் கையில் கிடைத்த அரை மணி நேரத்தில் அவர் எழுந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் உங்கள் ஃபைல் இருந்தால், இன்ஸ்ட்ரக்‌ஷன் வேண்டும் என்று கேட்கமாட்டார், வாதாடுவார். சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ரிட் போடலாமா என்ற ஆட்சேபமும் இயற்கை நீதி, அதாவது எதிராளியைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிற முறை, மீறப்படாத உத்தரவுக்குத்தான் எடுபடும். மீறியிருந்தால் நேரே ரிட் வரலாம் என்று 1998-லேயே வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. உங்களுக்கு முடிந்தால் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு வரைவை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். ஒரு ராத்திரி தாமதம் ஆகும். ஆகட்டும்.

அப்புறம், புகார் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வழக்கு மதுரையில் என்றைக்கு வருகிறது என்று ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். வழக்கில் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப்போடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அந்த மாமனாருக்கு ஃபிளக்ஸ் பார்த்துத்தான் தெரிந்தது.

வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் இப்போது இருக்கிற இணை இயக்குநர் அவருக்கு முன்னால் இரண்டு பேர் விட்டுப்போனதைப் பார்க்கிறார். அவர் மனது வைத்தால் பழைய உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த ஆய்வு அறிக்கையையே அடிப்படையாக வைத்துப் புது நோட்டீஸ் கொடுத்து முறையாக ஆரம்பிக்கலாம். அதற்கு நீதிமன்றம் குறுக்கே நிற்காது. ஆய்வு அறிக்கை இன்னும் எங்கள் கேஸ் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நகல் வேண்டுமென்றால் எங்கள் ஐயா அனுமதியோடு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை.